மார்ட்டின் (பெயர்)

மார்ட்டின் என்பது இலத்தீன் மொழியில் தோன்றி ஐரோப்பா முழுவதும் பரவிய ஓர் ஆண்பால் இயற்பெயர் ஆகும். இதன் மூல வடிவம் மார்ட்டினுஸ். உரோமையரின் போர்க்கடவுளான மார்ஸ் என்பவரின் பெயரிலிருந்து இது உருவானது. ஆனால் இப்பெயர் பரவியதற்குக் காரணம் அந்தப் போர்க்கடவுள் அல்லர். படைப்பணியை விட்டு விலகித் துறவியான ஒருவர். அவர் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தூர் நகர ஆயர் புனித மார்ட்டின். ஒரு பெயரின் சொற்பொருளும் அது பரவிய காரணமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதற்கு இப்பெயரின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் மார்ஸ் என்ற சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது மார்ட்டிஸ் என மாறும். இதிலிருந்து கிடைக்கும் 'மார்ட்' என்னும் அடிச்சொல்லுடன் 'இனுஸ்' என்னும் விகுதி சேர்ந்து மார்ட்டினுஸ் ஆயிற்று. இவ்விகுதி 'அதற்கு உரியவன்', 'அதைச் சார்ந்தவன்' என்று பொருள் தரும். எனவே மார்ட்டினுஸ் என்பதற்கு 'மார்ஸ் கடவுளுக்கு உரியவன்' என்பது பொருள். இதே விகுதியை அகுஸ்தினுஸ், கான்ஸ்டன்டினுஸ், யுஸ்தினுஸ் போன்ற பெயர்களிலும் காணலாம்.

மார்ஸ் என்ற அடிச்சொல்லிலிருந்து வந்த வேறு சில சொற்களும் நமக்குப் பழக்கமானவையே. பழைய உரோமை நாட்காட்டியின் முதல் மாதம் மார்ஸ் கடவுளின் பெயரைக் கொண்டிருந்தது. அதுவே இன்றைய மார்ச் மாதம். செவ்வாய்க் கோளுக்கும் உரோமையர் இக்கடவுளின் பெயரையே இட்டனர். செவ்வாய்க்கிழமையைப் பிரெஞ்சு மொழியில் மார்தி என்றும், எசுப்பானிய மொழியில் மார்டெஸ் என்றும், இத்தாலிய மொழியில் மார்த்தெதி என்றும் அழைக்கின்றனர். தமிழிலும் கோளுக்கும் கிழமைக்கும் செவ்வாய் என்ற ஒரே பெயர் இருப்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உரோமைக் காலத்தில்

உரோமைக் குடிமகன் ஒருவருக்குப் பொதுவாக மூன்று பெயர்கள் இருந்தன. முதலாவது இயற்பெயர், இரண்டாவது குலப்பெயர், மூன்றாவது சிறப்புப் பெயர். மார்ட்டினுஸ் என்பது மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அக்காலத்தில் அது மிகப் பரவலான பெயர் அன்று. நான்காம் நூற்றாண்டில் பிரித்தானியாவின் நிருவாகப் பொறுப்பில் இருந்த ஒரு மார்ட்டினுஸ் வரலாற்றில் இடம்பெற்றுள்ளார். பேரரசரின் முகவர் ஒருவர் குற்றமற்றவர்களைக் கைது செய்ததை எதிர்த்த அவர், இறுதியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இச்செய்தியை அம்மியானுஸ் மார்செல்லினுஸ் என்னும் வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளார்.

பேரரசின் இறுதிக் காலத்தில் மூன்று பெயர் முறை மெல்ல மறைந்தது. ஒருவருக்கு ஒரே பெயர் என்ற வழக்கம் வந்தது. அப்போது மார்ட்டினுஸ் தனித்து நிற்கும் இயற்பெயராயிற்று.

தூர் நகர மார்ட்டின்

இப்பெயரின் வரலாற்றைத் திருப்பிவிட்டவர் பன்னோனியா மாநிலத்தின் சவாரியா நகரில் பிறந்த மார்ட்டின். அந்நகர் இன்று அங்கேரி நாட்டில் சொம்பட்ஹெய் என்ற பெயருடன் விளங்குகிறது. அவர் பிறந்த ஆண்டு 316 என்று சிலரும் 336 என்று சிலரும் கணிக்கின்றனர். தந்தை உரோமைப் படை அதிகாரி. படைவீரர் குடும்பத்துப் பிள்ளைக்குப் போர்க்கடவுளின் பெயர் பொருத்தமானதே. படைவீரரின் மகன் படையில் சேரவேண்டும் என்பது அக்காலச் சட்டம். அதன்படி 15 வயதில் மார்ட்டின் படையில் சேர்க்கப்பட்டார்.

அவரைப் பற்றி அனைவரும் அறிந்த நிகழ்ச்சி, இன்றைய பிரான்சில் உள்ள அமியான் நகரின் வாயிலில் நடந்ததாகக் கூறப்படுகிறது. கடுங்குளிரில் ஆடையின்றி நடுங்கிய ஓர் இரவலரைக் கண்ட அவர், தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டி ஒரு பாதியை அவருக்குக் கொடுத்தார். ஐரோப்பிய ஓவியங்களிலும் சிற்பங்களிலும் மார்ட்டின் இந்தக் கோலத்திலேயே பெரும்பாலும் காட்டப்படுகிறார். கையில் வாள் இருக்கிறது. ஆனால் அது வெட்டுவது துணியை.

பின்னர் வோர்ம்ஸ் நகருக்கு அருகில் போருக்கு முந்திய நாளில், தாம் கிறித்துவின் வீரர் என்றும் இனிப் போரிட இயலாது என்றும் அவர் அறிவித்தார். கோழை என்று பழிக்கப்பட்டபோது, ஆயுதம் இல்லாமல் படையின் முன்வரிசையில் நிற்க முன்வந்தார். மறுநாளே பகைவர் சமாதானம் கேட்டதால் போர் நடக்கவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

படையை விட்டு வந்தபின் புவாத்தியே நகர ஆயர் இலாரியுஸ் என்பவரின் சீடரானார். லிகுஷே என்ற இடத்தில் துறவு மடம் அமைத்தார். 371 அல்லது 372-இல் தூர் நகர மக்கள் அவரை ஆயராகத் தேர்ந்தெடுத்தனர். ஆயரான பிறகும் நகருக்கு வெளியே எளிய துறவு வாழ்க்கையையே மேற்கொண்டார். தவறான கொள்கையினர் என்று குற்றம் சாட்டப்பட்ட பிரிசில்லியன் குழுவினருக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று பேரரசர் மாக்சிமுஸிடம் அவர் வாதாடினார். அவர்களுடைய கருத்தை ஏற்காதவராக இருந்தும், கருத்துக்காக உயிரைப் பறிப்பதை அவர் ஏற்கவில்லை. அவருடைய முயற்சி பலிக்கவில்லை, அவர்கள் கொல்லப்பட்டனர்.

மார்ட்டின் 397 நவம்பர் 8-ஆம் நாள் இறந்தார். நவம்பர் 11-ஆம் நாள் தூர் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த நாளே அவருடைய திருநாள் ஆயிற்று. அதுவரை புனிதர்களாகப் போற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிகள். கொல்லப்படாமல் இயல்பாக இறந்தும் புனிதராகப் போற்றப்பட்ட தொடக்ககாலத்தவருள் மார்ட்டின் ஒருவர்.

மேலங்கியும் சிற்றாலயமும்

மார்ட்டின் உயிருடன் இருந்தபோதே சுல்பிசியுஸ் செவேருஸ் என்பவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்நூல் படியெடுக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. ஐந்தாம் நூற்றாண்டில் அவருடைய கல்லறை மீது பெரிய ஆலயம் எழுப்பப்பட்டது. பிராங்கு இன அரசன் குளோவிஸ் தம் வெற்றிக்கு நன்றியாகத் தூர் ஆலயத்துக்குக் காணிக்கை செலுத்தினார். அதன்பின் மார்ட்டின் பிராங்கு அரச மரபின் காவலராகக் கருதப்பட்டார்.

அவருடைய மேலங்கி எனப்பட்ட துணியை அரசர்கள் பாதுகாத்தனர். அதன்மேல் ஆணையிட்டனர், போருக்குச் செல்லும்போதும் உடன் எடுத்துச் சென்றனர். போரிட மறுத்தவரின் ஆடை போர்க்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பது வரலாற்றின் முரண்களில் ஒன்று.

இலத்தீனில் மேலங்கியைக் காப்பா என்பர். மார்ட்டினின் மேலங்கி வைக்கப்பட்ட இடம் காப்பெல்லா எனப்பட்டது. அதைக் காத்த குருக்கள் காப்பெல்லானி எனப்பட்டனர். ஆங்கிலத்தில் சிற்றாலயத்தைக் குறிக்கும் சேப்பல், படை, மருத்துவமனை முதலியவற்றில் பணிபுரியும் குருவைக் குறிக்கும் சாப்ளின் ஆகிய சொற்கள் இவற்றிலிருந்து வந்தவை. இசைக்கருவி இல்லாமல் பாடுவதைக் குறிக்கும் அ காப்பெல்லா என்ற தொடரும் 'சிற்றாலய முறையில்' என்னும் பொருளுடையதே.

பெயர் பரவிய வழிகள்

பிரான்சு: பெயரின் இரண்டாம் பிறப்பிடம் என்று பிரான்சைக் கூறலாம். ஆயிரக்கணக்கான ஆலயங்களும் நூற்றுக்கணக்கான ஊர்களும் மார்ட்டின் பெயரைத் தாங்கின. ஊர் ஆலயத்தின் பாதுகாவலர் பெயரைப் பிள்ளைக்கு இடுவது வழக்கமானதால், பெயர் வீடுகளுக்குள் நுழைந்தது.

ஐபீரியத் தீவக்குறை: ஆறாம் நூற்றாண்டில் பன்னோனியாவிலேயே பிறந்த மற்றொரு மார்ட்டின் இன்றைய போர்த்துக்கலின் பிராகா நகருக்கு வந்து ஆயரானார். கிழமைகளை உரோமைக் கடவுளரின் பெயரால் அழைப்பதை அவர் கண்டித்தார். போர்த்துக்கேய மொழியில் கிழமைகள் 'இரண்டாம் நாள்', 'மூன்றாம் நாள்' என எண்ணால் குறிக்கப்படுவதற்கு அவருடைய செல்வாக்கே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மார்ஸின் பெயரைக் கிழமையிலிருந்து நீக்க விரும்பியவரின் சொந்தப் பெயரிலேயே மார்ஸ் இருந்தது. ஆயினும் அவருக்கோ அவர் காலத்து மக்களுக்கோ மார்ட்டின் என்றால் நினைவுக்கு வந்தவர் தூர் நகர ஆயர்தான்.

பிரித்தானியத் தீவுகள்: கெண்ட் நாட்டு அரசனை மணந்த பிராங்கு இளவரசி பெர்த்தா கான்டர்பரியில் வழிபட்ட ஆலயம் புனித மார்ட்டின் ஆலயம். 597-இல் அகுஸ்தினார் தலைமையில் உரோமையிலிருந்து மறைப்பணியாளர்கள் வருவதற்கு முன்பே அது பயன்பாட்டில் இருந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் தொடர்ந்து வழிபாடு நடைபெறும் ஆலயங்களில் அதுவே மிகப் பழமையானது.

செருமனியும் தாழ்நில நாடுகளும்: பிராங்கு ஆட்சி விரிந்த இடமெல்லாம் மார்ட்டின் பெயரும் சென்றது. மைன்ஸ், உட்ரெக்ட் நகரங்களின் பேராலயங்கள் அவர் பெயரால் அமைந்தவை.

நடு, கிழக்கு ஐரோப்பா: அங்கேரி அரசு உருவான காலத்தில், தம் நாட்டில் பிறந்தவர் என்ற உரிமையுடன் அங்கேரியர் மார்ட்டினைப் போற்றினர். 996-இல் நிறுவப்பட்ட பன்னோன்ஹால்மா மடம் அவர் பெயரில் அமைந்தது. சுலோவாக்கியாவின் பிராத்திஸ்லாவா நகரில் உள்ள புனித மார்ட்டின் பேராலயத்தில் 1563 முதல் 1830 வரை அங்கேரி அரசர்கள் முடிசூட்டப்பட்டனர்.

மொழிவாரி வடிவங்கள்

பெயர் ஒவ்வொரு மொழிக்குள்ளும் சென்றபோது அந்தந்த மொழியின் ஒலி இயல்புக்கு ஏற்ப மாறியது.

- பிரெஞ்சு: மர்த்தன் (இறுதி ஒலி மூக்கொலியாக முடியும்)
- இத்தாலியம்: மார்த்தினோ
- எசுப்பானியம்: மார்த்தின்
- கட்டலான்: மார்த்தி
- போர்த்துக்கேயம்: மார்த்தினியு, மார்த்திம்
- செருமன், செக், சுலோவாக், ஆங்கிலம்: மார்ட்டின்
- இடச்சு: மார்ட்டன்
- தேனியம், நோர்வீஜியம்: மோர்ட்டன்
- சுவீடியம்: மோர்ட்டென், மார்ட்டின்
- பின்னியம்: மார்த்தி
- எஸ்தோனியம்: மார்ட், மேர்ட்
- இலாத்வியம்: மார்ட்டின்ஷ்
- இலித்துவானியம்: மார்ட்டினாஸ்
- போலியம்: மார்ச்சின்
- அங்கேரியம்: மார்ட்டோன்
- உருசியம்: மார்த்தின்
- ஐரியம்: மார்ட்டீன்

இப்பட்டியலில் சில ஒழுங்குகளைக் காணலாம். இலத்தீனின் 'உஸ்' என்னும் இறுதி, இத்தாலியத்தில் 'ஓ' ஆயிற்று. பிரெஞ்சிலும் எசுப்பானியத்திலும் உதிர்ந்தது. இலித்துவானியமும் இலாத்வியமும் தம்முடைய ஆண்பால் விகுதிகளைப் பெயரின் இறுதியில் சேர்த்துக்கொண்டன. போலியத்தில் இகரத்துக்கு முன் வந்த தகர ஒலி மென்மையாகிச் சகரம் போல் ஒலித்தது. எஸ்தோனியம் பெயரையே சுருக்கிவிட்டது.

பெண்பால் வடிவங்கள் மார்ட்டினா, மார்ட்டின் (பிரெஞ்சில் மர்த்தீன் என ஒலிக்கும்) என்பவை. டென்னிசு வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிசுக்கு, அவருக்கு முந்திய தலைமுறை வீராங்கனையான மார்ட்டினா நவரத்திலோவாவை நினைத்தே அப்பெயர் இடப்பட்டது.

குடும்பப் பெயர்கள்

இடைக்காலத்தில் தந்தையின் பெயர் நிலையான குடும்பப் பெயராக மாறியபோது மார்ட்டின் பல வடிவங்களைப் பெற்றது. பிரான்சில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் மர்த்தன் என்பதே. எசுப்பானியத்தில் மார்த்தினெஸ், போர்த்துக்கேயத்தில் மார்த்தின்ஸ், இத்தாலியத்தில் மார்த்தினி, தி மார்த்தினோ, தேனியத்தில் மோர்ட்டென்சன், சுவீடியத்தில் மோர்ட்டென்சன், போலியத்தில் மார்ச்சினியாக், மார்ச்சின்கோவ்ஸ்கி, உருசியத்தில் மார்த்தினோவ் ஆகியவை இவ்வாறு வந்தவை. 'எஸ்', 'சன்' முதலிய இறுதிகள் 'இன்னாரின் மகன்' என்று பொருள் தருவன.

சீர்திருத்தக் காலத்தில்

செருமனியின் ஐஸ்லேபன் நகரில் 1483 நவம்பர் 10-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. மறுநாள் புனித மார்ட்டின் திருநாள். அன்று திருமுழுக்குப் பெற்றதால் குழந்தைக்கு மார்ட்டின் என்று பெயரிட்டனர். அவரே பின்னாளில் கிறித்தவச் சமய வரலாற்றை மாற்றிய மார்ட்டின் லூதர். மற்றொரு சீர்திருத்தவாதியான மார்ட்டின் பூட்சர் 1491-இல் நவம்பர் 11 அன்றே பிறந்தவர்.

சீர்திருத்தச் சபைகள் புனிதர் வணக்கத்தை ஏற்கவில்லை. புனிதர்களால் பரவிய பல பெயர்கள் அப்பகுதிகளில் செல்வாக்கு இழந்தன. மார்ட்டின் என்ற பெயருக்கு அந்த இழப்பு நேரவில்லை. கத்தோலிக்கர் ஆயரை நினைத்து இட்டனர். லூத்தரன் சபையினர் லூதரை நினைத்து இட்டனர். எர்ஃபுர்ட் போன்ற நகரங்களில் நவம்பர் 10 மாலையில் நடைபெறும் விளக்கு விழா இருவரையும் சேர்த்தே நினைவுகூர்கிறது.

1547-இல் அச்சான முதல் இலித்துவானிய நூலை உருவாக்கியவர் மார்ட்டினாஸ் மஜ்வீதாஸ் என்ற லூத்தரன் போதகர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மார்ட்டின் நாள்

நவம்பர் 11 ஐரோப்பிய உழவர்களுக்கு ஆண்டின் முடிவு நாள் போன்றது. அறுவடை முடிந்துவிடும், புதிய திராட்சை மது சுவைக்கப்படும், குத்தகைப் பணம் செலுத்தப்படும், பண்ணையாட்கள் வேலை மாறுவர். குளிர்காலத்துக்கு முன் கால்நடைகளை அறுத்து இறைச்சியைப் பதப்படுத்துவதும் இந்நாளை ஒட்டியே. 'ஒவ்வொரு பன்றிக்கும் அதன் மார்ட்டின் நாள் வரும்' என்னும் எசுப்பானியப் பழமொழி இதிலிருந்து பிறந்தது. தீமை செய்தவன் தண்டனைக்குத் தப்ப முடியாது என்பது அதன் கருத்து.

செருமனி, டென்மார்க், தென் சுவீடன் பகுதிகளில் இந்நாளில் வாத்துக்கறி உண்பர். ஆயராக விரும்பாத மார்ட்டின் வாத்துக் கொட்டிலில் ஒளிந்தபோது வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்தன என்ற நாட்டுப்புறக் கதை இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. சுவீடிய எழுத்தாளர் செல்மா லாகர்லேவ் எழுதிய நீல்ஸ் என்னும் சிறுவனின் பயணக் கதையில் அவனைச் சுமந்து பறக்கும் வாத்துக்கும் மோர்ட்டென் என்றே பெயர். போலந்தின் போஸ்னான் நகரில் இந்நாளுக்கென வெண்கசகசாப் பூரணம் வைத்த பிறை வடிவ ரொட்டி செய்யப்படுகிறது.

முதல் உலகப் போரை நிறுத்திய உடன்பாடு 1918-இல் இதே நவம்பர் 11-இல் நடைமுறைக்கு வந்தது. இது தற்செயலாக அமைந்த பொருத்தமே. எனினும் போரைத் துறந்த வீரரின் நாளில் பீரங்கிகள் ஓய்ந்ததைப் பலர் நினைவுகூர்வதுண்டு.

ஐரோப்பாவுக்கு வெளியே

1493 நவம்பர் 11 அன்று கொலம்பசு இட்ட பெயர் என்ற மரபோடு கரிபியக் கடலில் உள்ள செயின்ட் மார்ட்டின் தீவு அழைக்கப்படுகிறது. அர்கெந்தீனத் தலைநகர் புவெனசு ஐரிசின் பாதுகாவலர் தூர் நகர மார்ட்டினே. பெரு நாட்டின் லீமா நகரில் ஆப்பிரிக்க வழித்தோன்றலான தாய்க்குப் பிறந்து, நிற வேற்றுமையைத் தாங்கி, நோயாளிகளுக்குத் தொண்டு செய்த மார்ட்டின் தெ போரஸ் 1962-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அமெரிக்காவில் 1929-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு முதலில் மைக்கேல் என்று பெயர். போதகரான தந்தையின் பெயரும் அதுவே. 1934-இல் செருமனி சென்று திரும்பிய தந்தை, லூதரின் நினைவாகத் தம் பெயரையும் மகன் பெயரையும் மாற்றினார். அந்த மகனே அறவழியில் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடி 1964-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற மார்ட்டின் லூதர் கிங். 2008-இல் அதே பரிசைப் பெற்ற பின்லாந்தின் மார்த்தி ஆத்திசாரியும் இப்பெயரினரே.

இலங்கையில் பௌத்த சமூகத்தில் பிறந்த சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க (1890–1976) இப்பெயர் கொண்டவர். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஐரோப்பியப் பெயர்கள் சமய எல்லையையும் கடந்து வழங்கின என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தமிழ்க் கிறித்தவர்களிடையே மார்ட்டின் இன்றும் வழக்கில் உள்ள பெயராகும்.

தவறாகக் கொள்ளப்படுபவை

- மார்த்தா என்பது மார்ட்டினின் பெண்பால் அன்று. அது 'தலைவி' என்று பொருள்படும் அரமேயச் சொல்லிலிருந்து வந்தது.
- மார்க்கு, மார்ட்டின் இரண்டும் ஒரே பெயரின் வடிவங்கள் அல்ல. மார்க்குஸ் என்பதும் மார்ஸ் கடவுளோடு தொடர்புடையது என்று கருதப்பட்டாலும், அது தனிப் பெயர்.
- மார்ட்டினிக் தீவின் பெயர் புனித மார்ட்டினிடமிருந்து வந்ததன்று. அத்தீவின் பழங்குடியினர் வழங்கிய பெயரின் திரிபு அது என்று கருதப்படுகிறது.
- திருத்தந்தையர் வரிசையில் ஐந்தாம் மார்ட்டின் வரை எண் இருந்தாலும் இப்பெயர் கொண்டவர் மூவரே. மரீனுஸ் என்ற பெயருடைய இருவரைத் தவறாக மார்ட்டின் என எண்ணியதால் முதலாம் மார்ட்டினுக்குப் பின் நான்காம் மார்ட்டின் வந்தார்.

பொருளும் நினைவும்

அகராதியைப் பார்த்தால் மார்ட்டின் என்பது போர்க்கடவுளின் பெயர். வரலாற்றைப் பார்த்தால் அது மேலங்கியைப் பகிர்ந்தவரின் பெயர். பிள்ளைக்கு இப்பெயரை இட்ட ஐரோப்பியப் பெற்றோர்களில் மார்ஸை நினைத்தவர் மிகச் சிலரே இருந்திருப்பர். ஆயரை நினைத்து லூதருக்கும், லூதரை நினைத்து கிங்குக்கும் பெயர் சென்றது. ஒரு பெயரின் வேர்ச்சொல்லை அறிந்தால் அது எங்கே பிறந்தது என்று தெரியும். அது ஏன் இன்றும் வாழ்கிறது என்பதை அறிய, அப்பெயரைத் தாங்கியவர்களின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.